ஒக்கலிபுரத்து ஈரச் சுவர்

என் சம்பந்தி குணசேகர் அண்ணன் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் மேலே பார்ப்பார். கூரையின் நாலு மூலையையும் பார்த்துவிட்டு, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டு, அந்தச் சுவரை ஒரு தரம் கையால் தடவிய பிறகுதான் உட்காருவார்.

கல்யாணம் பேச முதல் முறையாக பெங்களூர் பொம்மனஹள்ளியில் எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் அப்படித்தான். என் மகன் விக்கி புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். இவர் அவனைப் பார்க்கவே இல்லை. அவர் மனைவி தனலக்ஷ்மி முழங்கையால் இடித்தார்.

"மாப்ள கீழ நிக்கிறாரு. நீ மேல இன்னா தேடிக்கினு இருக்கே?"

"அந்த மூலையில கறை கீது. மேல டேங்க்கா?"

"டேங்க்தான் அண்ணா. போன மழையிலருந்து அப்படி ஆயிடுச்சு," என்றேன்.

"டேங்க்கிலருந்து வெளிய போற பைப்பு அடைச்சிருக்கும். குச்சி விட்டுக் குத்திப் பாருங்க." சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டார். இங்கேயும் இதுதானா என்கிற மாதிரி.

இவர் பெண் கொடுப்பாரா மாட்டாரா என்று அன்றைக்கு எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கொடுத்தார். அவர் மகள் வீணா எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். இந்த வருஷம் பேரன் கவின் பிறந்தான். அவனைப் பற்றி ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், தூங்கும்போது அவன் புருவத்தைச் சுருக்குவது அப்படியே குணசேகர் அண்ணன் கூரையைப் பார்க்கிற மாதிரியே இருக்கும்.

குணசேகர் அண்ணன் கோலார் தங்கவயலில் பிறந்தவர். அப்பா சுரங்கத்தில் வேலை. இவரும் கல்யாணமான புதிதில் சுரங்கத்துக்குள் இறங்கினார். அவர்கள் இருந்தது லைன் வீடு. ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டி வீடுகள், மூங்கில் தட்டி, தகரக் கூரை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். சாக்கடை வாசலிலேயே ஓடும். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் வீட்டில் சண்டை, எல்லாம் எல்லோருக்கும் தெரியும். சுரங்கத்தை மூடினார்கள். வீணா அப்போது கைக்குழந்தை. அவளைத் தூக்கிக்கொண்டு மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூர் வந்து இறங்கினார்கள். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஒக்கலிபுரத்தில் தனலக்ஷ்மியின் அம்மாவுக்கு ஒரு சின்ன இடம் இருந்தது. ஓட்டு வீடு. அங்கேயே தங்கிவிட்டார்கள்.

அந்த இடத்தில்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டடம் எழுந்தது. கீழே அவர்கள் வீடு. மேலே இரண்டு மாடி, மாடிக்கு இரண்டாக நாலு வாடகை வீடு. இரண்டு பக்கமும் பின்னாலும் பக்கத்து வீட்டுக்காரர்களின் சுவர் ஒட்டி நிற்கிறது. ஒரு கை நுழைகிற சந்துகூட இல்லை. வெளிச்சம் வருவதும் காற்று வருவதும் முன்பக்கத்திலிருந்துதான்.

கட்டும்போது தனலக்ஷ்மி ஒன்றே ஒன்று கேட்டார். குழாய் எதுவும் கண்ணில் படக் கூடாது. லைன் வீட்டில் பார்த்ததெல்லாம் போதும் என்றார். குணசேகர் அண்ணனுக்கும் அதே ஆசை. தண்ணீர் வரும் பைப், போகும் பைப், எல்லாவற்றையும் சுவரை வெட்டி உள்ளே வைத்துப் பூசினார்கள். முன் சுவர் முழுவதும் பச்சை டைல்ஸ் ஒட்டினார்கள். தங்கவயலிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் தெருவில் நின்று பார்த்துவிட்டு, அபார்ட்மென்ட் மாதிரி இருக்கிறது என்றார்கள். அந்த ஒரு வார்த்தையை தனலக்ஷ்மி இன்று வரைக்கும் சொல்வார்.

எந்தப் பைப் எந்தச் சுவரில் போகிறது என்று கட்டிய மேஸ்திரிக்குத் தெரியும். அவர் ஊருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு யாருக்கும் தெரியாது.

முதல் சில வருஷம் ஒன்றும் இல்லை. பிறகு போர்வெல் தண்ணீரின் உப்பு ஏறி இரும்புப் பைப்புகள் உள்ளுக்குள்ளேயே அரிக்க ஆரம்பித்தன. மேல் வீட்டில் குளித்தால் கீழ் வீட்டில் சுவர் வியர்க்கும். எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கச் சுவரை உடைக்க வேண்டும். உடைத்த இடத்தில் இருக்காது, இன்னும் ஒரு அடி தள்ளி உடைக்க வேண்டும். பூசிய பிறகு அதே டைல்ஸ் கடையில் கிடைக்காது. ஒவ்வொரு வீட்டிலும் பாத்ரூம் சுவர் ஒட்டுப்போட்ட பாவாடை மாதிரி ஆகிவிட்டது. ஆட்கள் காலி செய்துகொண்டு போவார்கள். வேறு ஆட்கள் வருவார்கள். அண்ணனின் போன் மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும்.

அவரோடு உட்கார்ந்து நான் ஒரு காபி முழுசாகக் குடித்ததில்லை. பாதியில் போன் வரும். "ஆ, வர்றேன்மா" என்று எழுந்து படி ஏறுவார். இறங்கி வரும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருவார். காபி ஆறிப்போயிருக்கும், அதையே எடுத்துக் குடிப்பார். சூடு செய்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்பார்.

"இது எப்பவும் முடியாது தங்கச்சி. ஒன்ன அடைச்சா இன்னொன்னு தொறந்துக்கும். வீடு என்னை வாடகைக்கு வெச்சிருக்கு," என்று ஒரு நாள் சொன்னார்.

ஆனாலும் விடவில்லை. ஒவ்வொரு வீடு காலியாகும்போதும் அடுத்த ஆள் வருவதற்குள் அதில் ஒரு வேலை பார்த்துவிடுவார். எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி குழாய் போட்டார், ஒன்று கெட்டால் கையில் இருக்கிற சாமானையே போடலாம் என்று. சமையல் மேடைக்குப் பின்னால் எண்ணெய் தெறிக்கிற உயரம் வரை கருங்கல் பலகை. சுவரில் தோள் உயரம் வரை ஆயில் பெயின்ட், துடைத்தால் போகும். ஒவ்வொரு வீட்டுக்கும் வாசல் பக்கம் தனி வால்வு, ஒரு வீட்டில் தண்ணீர் ஒழுகினால் அதை மட்டும் மூடலாம், மற்றவர்கள் தண்ணீரில்லாமல் நிற்க வேண்டாம்.

ஆணியைத்தான் அவரால் பொறுக்கவே முடியாது. குடி வருபவர்கள் பால் காய்ச்சிவிட்டு முதல் வேலையாகச் சாமி படம் மாட்ட ஆணி அடிப்பார்கள். எந்தச் சுவருக்குள் எது போகிறது என்று தெரியாத வீடு. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ஹாலைச் சுற்றிச் சுவரோடு ஒரு மரச்சட்டம் பசை போட்டு ஒட்டிக் கொடுத்தார். சாமி, காலண்டர், கல்யாண போட்டோ, எதுவானாலும் அதில்தான் மாட்ட வேண்டும். புதிதாக வருபவர்களிடம் அட்வான்ஸைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஆணியைப் பற்றித்தான் பேசுவார்.

இத்தனையும் வாடகை வீடுகளுக்கு. தன் வீட்டுக்கு ஒன்றும் செய்யவில்லை. வால்வும் இல்லை, மரச்சட்டமும் இல்லை. "நம்மளுது கடைசியில பாத்துக்கலாம்" என்பார். அந்தக் கடைசி வரவே இல்லை.

வீணாவுக்கு ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்கு அனுப்ப வேண்டும். எங்கள் இரண்டு வீட்டிலும் வழக்கம் அதுதான். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறி மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு வந்து, அங்கிருந்து ஆட்டோவில் ஒக்கலிபுரம் போனேன். வீணாவுக்காக ஒழித்து வைத்திருந்த அறையை தனலக்ஷ்மி காட்டினார். புதுப் பாய், புது மெத்தை, துவைத்த திரை. கதவைத் திறந்ததும் மூக்கில் ஒரு வாசனை அடித்தது. நனைந்த கோணி வாசனை.

கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவரைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. விரலை எடுத்தால் வெள்ளையாக உப்பு ஒட்டியிருந்தது. திரைக்குப் பின்னால் பார்த்தேன். பூச்சு உப்பி, தொட்டால் விழுகிற மாதிரி இருந்தது.

தனலக்ஷ்மியே சொன்னார்.

"மேல குடியிருக்கிற ஜெனிஃபர் வீட்டு பாத்ரூம்தான் அண்ணி. எத்தனை வாட்டி சொல்லிட்டேன். பக்கெட் பக்கெட்டா ஊத்துறா."

"அண்ணி, நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. பச்ச ஒடம்புக்காரியும் கைக்கொழந்தையும் இதுல எப்படிப் படுக்கும்? சளி புடிச்சா என்ன பண்றது?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. வாசற்படியில் நின்றிருந்த குணசேகர் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"தங்கச்சி சொல்றது சரிதான் தனம். காயட்டும். காஞ்சதும் கூட்டிக்கினு வரலாம்," என்றார்.

"எப்ப காயும்? எம் பொண்ணு புள்ள பெத்து அந்தப் புள்ளைக்குப் புள்ள பொறக்கும்போதா?"

அண்ணன் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

வளைகாப்பு முடிந்து வீணா அம்மா வீட்டுக்குப் போகாமல் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். தெருவில் கேட்டவர்களிடம், ஆஸ்பத்திரி இங்கேதான் பக்கம் என்று சொன்னோம். தனலக்ஷ்மி அதற்கும் சிரித்துத்தான் தலையாட்டினார். ஆனால் வளையல் போட்ட கையோடு மகள் திரும்ப எங்கள் வீட்டுப் படி ஏறியபோது அவர் அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தியதை நான் பார்த்தேன்.

குணசேகர் அண்ணன் மேலே ஜெனிஃபர் வீட்டு பாத்ரூமை உடைத்தார். ஜெனிஃபர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற பெண். அவளும் புருஷனும் அத்தனை நாளும் பக்கத்துப் போர்ஷனில் போய்க் குளித்தார்கள்.

"அங்கிள், நான் ஒரு பக்கெட்லதான் குளிக்கிறேன். ஆன்ட்டிகிட்ட சொல்லுங்க," என்பாளாம் ஒவ்வொரு நாளும் படி இறங்கும்போது.

தரையைத் தோண்டி, புதுப் பைப் வைத்து, தண்ணீர் இறங்காத மருந்து பூசி, மறுபடியும் டைல்ஸ் போட்டார்கள். அது முடிகிற சமயத்தில் கவின் பிறந்தான். அந்தச் சந்தோஷத்தில் எனக்குச் சுவரும் நினைவில்லை, ஒன்றும் நினைவில்லை. கார்மென்ட்ஸில் என்னோடு வேலை செய்த எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னேன். குணசேகர் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சட்டையில் சிமென்ட். கையைக் கழுவு கழுவென்று கழுவிவிட்டு வந்தும் குழந்தையைத் தொடவில்லை.

"தூக்குங்க அண்ணா," என்றேன்.

"வேணாம். கையி ஒரே சொரசொரப்பு. கீறிடும்."

குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வழக்கம்போல் நிமிர்ந்து அந்த அறையின் கூரையைப் பார்த்தார். ஒரு மூலையில் மஞ்சள் கறை இருந்தது. "இங்கயும் கீது," என்றார் மெதுவாக.

குழந்தையும் தாயும் எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். தனலக்ஷ்மி தினமும் கேரியரில் பத்தியச் சோறு கட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவார். சில்க் போர்டு சிக்னலில் நின்று நின்று வந்து சேர்வதற்குள் பூண்டுக் குழம்பு ஆறிவிடும். மகளுக்கு ஊட்டிவிட்டு, பேரனைக் குளிப்பாட்டிவிட்டு, சாயங்காலம் கிளம்புவார். கிளம்பும்போது வீணாவின் முகத்தைப் பார்க்க முடியாது. அவள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எத்தனை நாளும்மா?" என்பாள். எனக்கு அந்தக் குழந்தை என் வீட்டில் இருப்பது ஆசைதான். ஆனால் பெற்ற உடம்புக்கு அம்மா பக்கத்தில் வேண்டும். நான் எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் வெந்நீர் சூடு ஜாஸ்தி என்று அவள் என்னிடம் சொல்ல மாட்டாள். அம்மாவிடம்தான் சொல்வாள்.

"உங்க அப்பாவைக் கேளு," என்பார் தனலக்ஷ்மி. "ஊரான் வீட்டுக்கெல்லாம் வால்வு வெக்கத் தெரியும். பெத்த பொண்ணுக்கு ஒரு காஞ்ச செவுரு குடுக்கத் தெரியாது."

ஜெனிஃபர் வீட்டு வேலை முடிந்தும் சுவர் காயவில்லை. இன்னும் கொஞ்சம் கீழே வரை ஈரம் இறங்கியிருந்தது. குணசேகர் அண்ணன் அதைப் போனில் என்னிடம் சொன்னபோது அவர் குரல் ரொம்பத் தூரத்திலிருந்து வந்த மாதிரி இருந்தது.

"இனிமே எந்த எடத்த ஒடைக்கிறதுன்னே தெரியல தங்கச்சி. மழை வேற வரப் போவுது. மழை ஆரம்பிச்சிட்டா காயறது இல்ல. அப்புறம் புள்ள தவழ ஆரம்பிச்சிடுவான்."

பிளம்பர் ரெமிஜியஸ்தான், வேறு வழியில்லை, இனி அந்தச் சுவரையே உடைத்துப் பார்ப்போம் என்றார். பல வருஷமாக அந்தக் கட்டடத்துக்கு வேலை செய்பவர். அந்தக் கட்டடம் இருக்கும்வரை தன் குடும்பம் பட்டினி கிடக்காது என்று விளையாட்டாகச் சொல்லுவார். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். வீணாவின் துணிகள் சில அந்த அறை பீரோவில் இருந்தன, எடுத்துக்கொண்டு போக வந்திருந்தேன். ஜெனிஃபரும் வேலைக்குப் போகிற வழியில் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

சுவரில் வீணா விக்கி கல்யாண போட்டோ பெரிதாக மாட்டியிருந்தது. ரெமிஜியஸ் அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பின்பக்க அட்டை ஊறிப்போய் என் விரலோடு வந்தது.

அவர் உளியை வைத்துத் தட்டினார். தட்டவே வேண்டியிருக்கவில்லை. பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே பைப் தெரிந்தது. அது இந்தச் சுவரில் வருகிறது என்று அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. டேங்க்கிலிருந்து கீழ் வீட்டுக்கு நேராக இறங்குகிற பைப். அதன் நடுவில், துருப்பிடித்துச் சிவப்பாக, ஒரு ஆணி. போட்டோ மாட்டியிருந்த ஆணி. அதைச் சுற்றி ஒரு சொட்டு வந்து நின்றது. பிறகு இறங்கியது. பிறகு இன்னொரு சொட்டு.

ரெமிஜியஸ் உளியைக் கீழே வைத்தார்.

"அண்ணா, ஆணி அடிச்ச ஆளு யாருன்னு தெரிஞ்சா அட்வான்ஸ்ல புடிச்சிக்கலாம்," என்றார் ரெமிஜியஸ்.

குணசேகர் அண்ணன் தரையில் உட்கார்ந்தார். உதிர்ந்த பூச்சின் மேலேயே உட்கார்ந்தார்.

"நான்தான் அடிச்சேன். கல்யாண போட்டோ வந்த மறுநாளு," என்றார்.

"நான்தான் அடிக்கச் சொன்னேன்," என்றார் தனலக்ஷ்மி. எப்போதும் உயர்ந்தே இருக்கிற அவர் குரல் அப்போது தரையில் இருந்தது. "வேணாம்னுதான் சொன்னாரு. பொண்ணு போட்டோவ அலமாரி மேல சாய்ச்சா வெப்பாங்கன்னு நான்தான் திட்டினேன்."

ரெமிஜியஸ் விளக்கினார். ஆணி நுழைந்த ஓட்டையை ஆணியே அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. துருப்பிடித்து மெலியும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது. கீழ் வீட்டுக்குத் தனி வால்வு இருந்திருந்தால், ஒரு நாள் மூடி வைத்துப் பார்த்தே கண்டுபிடித்திருக்கலாம்.

வாசலில் நின்ற ஜெனிஃபர், "அப்ப எங்க பாத்ரூம் நல்லாத்தான் இருந்துச்சா ஆன்ட்டி?" என்றாள்.

"புதுசா ஆயிடுச்சில்ல. வெச்சுக்கோ," என்றார் தனலக்ஷ்மி. பிறகு, "சாயங்காலம் வா. இட்லி மாவு தர்றேன்," என்றார். அவரிடமிருந்து மன்னிப்பு அந்த உருவத்தில்தான் வரும். ஜெனிஃபருக்கும் அது தெரியும் போலிருக்கிறது. சிரித்துவிட்டுப் போனாள்.

ஆணியைப் பிடுங்கி அந்த இடத்தில் மட்டும் பைப்பை வெட்டி ஒட்டிவிடலாம் என்றார் ரெமிஜியஸ். ஒரு காலை நேர வேலை. குணசேகர் அண்ணன் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"ஒட்டினா இது நிக்கும். அப்புறம் வேற எங்கயாவது. இந்தக் கட்டடத்துல ஒட்டாத எடம் எது? உள்ள இருக்கிறத அப்படியே விட்டுடலாம், சாகட்டும். டேங்க்கிலருந்து புதுசா எல்லாத்தையும் வெளிய இறக்கு. கண்ணுக்குத் தெரியற மாதிரி, கையி எட்டற மாதிரி."

"வெளியன்னா எங்க அண்ணா? மூணு பக்கமும் செவுரு. முன்னாடிதான்."

"முன்னாடிதான்."

தனலக்ஷ்மி சட்டென்று திரும்பினார். அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது.

"பச்ச டைல்ஸ் மேலயா?"

"ஆமா."

"வீட்டு மூஞ்சியில கொடலை எடுத்து மாட்டப் போறியா? போற வர்றவன் எல்லாம் நம்ம குளிக்கிற தண்ணிய வேடிக்கை பாக்கணுமா?" மூச்சு வாங்கினார். "லைன் வீட்டுல கொழாய் தெரிஞ்சுது, சாக்கடை தெரிஞ்சுது, அடுத்த வீட்டுக்காரி கொழம்பு தெரிஞ்சுது. இங்க ஒன்னும் தெரியக் கூடாதுன்னுதான கட்டினோம். நீயும்தான சொன்னே."

"சொன்னேன்."

"அப்புறம்?"

"லைன் வீட்டுல கொழாய் ஒடைஞ்சா அடுத்த நிமிஷம் தெரியும் தனம். ஒரு கந்தலைச் சுத்திட்டுப் போய்க்கினே இருப்போம். இங்க ஒடைஞ்சா நம்ம பொண்ணு வூட்டுக்கு வர முடியல." அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் விடவில்லை. திரும்ப உட்கார்ந்தார். "என்னால இனிமே செவுத்துக்குள்ள தேட முடியாது. தேடித் தேடி அலுத்துப் போச்சு."

தனலக்ஷ்மி என்னைப் பார்த்தார். நான் கையில் இருந்த போட்டோவைப் பார்த்தேன். ஈரம் ஏறி விக்கியின் வேட்டிப் பக்கம் முழுவதும் பழுப்பாகிவிட்டது. வீணாவின் முகம் மட்டும் தப்பித்திருந்தது.

"பைப்புக்காவது பச்ச பெயின்ட் அடிப்பியா?" என்றார் கடைசியில்.

"அடிக்கிறேன்."

"அதே பச்ச. வேற பச்ச இல்ல."

டைல்ஸில் துளை போடுகிற சத்தத்தைக் கேட்கப் பிடிக்காமல் தனலக்ஷ்மி அந்த நாட்களில் காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அங்கே அண்ணன் தனியாகக் கிடந்தார். மேலே டேங்க்கிலிருந்து வீட்டுக்கு ஒன்றாகப் புதுப் பைப்புகள் முன் சுவரில் இறங்கின. ஒவ்வொன்றும் அந்தந்த மாடியில் படிக்கட்டுப் பக்கம் வால்வோடு நின்று, வாசல் வழியாக உள்ளே போய், சுவருக்கு மேலேயே ஓடின. கீழ் வீட்டுக்கும் இந்த முறை வால்வு வந்தது. ஹாலைச் சுற்றியும் அந்த அறையைச் சுற்றியும் மரச்சட்டம் வந்தது.

பைப் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. சுவர் காய்வதுதான் முடியவில்லை. உப்பு ஏறிய பூச்சை எல்லாம் செங்கல் தெரியும் வரை அவரே சுரண்டினார். ஃபேனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, தான் வியர்வையில் தூங்கினார். ஒவ்வொரு காலையும் எனக்கு போன் வரும். கவின் எப்படி இருக்கிறான் என்று கேட்பார். பால் குடித்தானா, தூங்கினானா. பிறகு நான் கேட்பேன்.

"செவுரு எப்படி இருக்கு அண்ணா?"

"நேத்தைக்கு இன்னைக்குப் பரவாயில்ல."

ஒரு நாள் மாலை மழை வந்தது. நல்ல மழை. பொம்மனஹள்ளியில் தெருவெல்லாம் தண்ணீர். நான் போன் போட்டேன். எடுக்கவே இல்லை. வீணா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். தெருவில் குடை பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பைப்பாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருந்தாராம்.

"எல்லாம் தெரியுது தங்கச்சி. ஒன்னும் ஒழுவல," என்றார். அவ்வளவுதான் சொன்னார். போனை வைக்க மறந்துவிட்டார். மழைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

செங்கல் வெளுத்த பிறகு புதுப் பூச்சு, அது ஆறிய பிறகு வெறும் சுண்ணாம்பு. பெயின்ட் வாசனை குழந்தைக்கு ஆகாது, சுவரும் மூச்சு விடட்டும் என்றார். அதற்குப் பிறகு ஒரு நாள் நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். கன்னத்தை வைத்தும் பார்த்தேன். கூட்டிக்கொண்டு வரலாம் அண்ணா என்றேன். அவர் சரி என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஒரு தரம் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நல்ல நாள் பார்த்து வீணாவையும் கவினையும் கொண்டுபோய் விட்டோம். ஆட்டோவிலிருந்து இறங்கி நான் மேலே பார்த்தேன். பச்சைச் சுவரில் பச்சைப் பைப்புகள் வரிசையாக. சொன்ன மாதிரி அதே பச்சை இல்லை, கொஞ்சம் கிளிப்பச்சை. தனலக்ஷ்மி ஆரத்தித் தட்டோடு வந்தார். பைப்புகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே ஆரத்தி எடுத்தார்.

உள்ளே மரச்சட்டத்தில் கல்யாண போட்டோ மாட்டியிருந்தது. பழுப்புக் கறை அப்படியே இருந்தது. புதிதாகப் பிரேம் போடலாமே என்றேன். அது இருக்கட்டும் என்றார் அண்ணன்.

குழந்தையைக் கட்டிலில் சுவரோரமாகப் போட்டாள் வீணா. அம்மாவிடம் ஏதேதோ சொல்ல ஆரம்பித்தாள். வெந்நீர் ஜாஸ்தி சூடு, எண்ணெய் போதவில்லை, இடுப்பு வலி. எல்லாம் இத்தனை நாளாக வைத்திருந்தது. குணசேகர் அண்ணன் கட்டிலின் கால்மாட்டில், சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேரனைப் பார்த்தார். கூரையைப் பார்க்கவில்லை.

போன் அடித்தது. கவின் திடுக்கிட்டுக் கையை விரித்தான். அண்ணன் அவசரமாக எடுத்தார். ஜெனிஃபர். குரல் எங்களுக்கும் கேட்டது. சமையலறைக் குழாய் நிற்க மாட்டேன் என்கிறதாம்.

அவர் ஒரு கையைத் தரையில் ஊன்றினார், எழுந்திருக்க. பிறகு ஊன்றிய கையை எடுத்துக்கொண்டார்.

"வாசல் வெளிய படிக்கட்டுப் பக்கம் புதுசா ஒரு வால்வு இருக்கும் பாரும்மா. செவப்புப் பிடி. அதை வலது பக்கம் திருப்பு... நின்னுச்சா? சரி. சாயங்காலம் வர்றேன்."

போனை வைத்தார். நான் காபி கொண்டுவந்து கொடுத்தேன். பாதி குடித்தார். டம்ளர் கையில் இருக்க, சுவரில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். அந்த மனிதர் பகலில் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தரம். தனலக்ஷ்மி டம்ளரை மெதுவாகக் கையிலிருந்து எடுத்து வைத்தார். வெளியே பைப்பில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. யார் வீட்டுத் தண்ணீர், எந்த மாடி என்று எல்லோருக்கும் தெரிந்தது.

விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. எழுந்து, ஜெனிஃபர் வீட்டுக் குழாயைப் பார்க்க ஸ்பானரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். முதுகு முழுவதும் வெள்ளை.

"நில்லு," என்றார் தனலக்ஷ்மி. பின்னாலேயே போய்ச் சட்டையைத் தட்டிவிட்டார். சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. தட்டிய கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டையின் முதுகில் உள்ளங்கையை வைத்துத் தடவினார், இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம்.

"ஈரம் இல்ல. போ," என்றார்.